எழுதுபெட்டியில் கிடைத்த கனவுக் குறிப்பேடு

(கொல்கத்தாவில் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் வாழும் உங்களுக்குத் திப்பு சுல்தான் புதியவர் அல்ல. எஸ்பிளனேடில் இறங்கினால் தர்மதலா முனையில் அவர் பெயர் தாங்கிய பள்ளிவாசல் நிற்கிறது. டோலிகஞ்ச் பக்கம் போனால் பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு. அந்த அன்வர் ஷா திப்புவின் வழித்தோன்றல். காவிரிக் கரையில் ஆண்டு, காவிரிக் கரையிலேயே மடிந்த மைசூர் மன்னரின் பெயர் ஹூக்ளிக் கரையில் எப்படி வந்து நிலைத்தது? அவருடைய பிள்ளைகள் கைதிகளாக இங்கே வந்தார்கள் என்பது பலருக்கும் தெரியும். அவர்களுக்கும் முன்னால் அவருடைய புத்தகங்கள் இங்கே வந்து சேர்ந்தன. இன்று நான் பேச வந்திருப்பது அந்தப் புத்தகங்களைப் பற்றி. குறிப்பாக, போர் ஓய்ந்த அரண்மனையில் ஒரு படை அதிகாரியின் கையில் சிக்கிய சிறிய குறிப்பேடு ஒன்றைப் பற்றி.

போரின் கதை நீங்கள் அறிந்ததுதான், சுருக்கமாகவே சொல்கிறேன். 1799 மே 4, நண்பகல் கழிந்த வேளை. ஜெனரல் ஹாரிஸின் ஆங்கிலப் படை, திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை மதிலின் உடைப்பு வழியாக உள்ளே புகுந்தது. தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் டேவிட் பேர்ட். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் திப்புவின் தந்தை ஹைதர் அலியின் படையிடம் பிடிபட்டு, அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தவர். அன்று மாலைக்குள் திப்பு இறந்துவிட்டார். இரவு முழுவதும் நகரம் சூறையாடப்பட்டது. பின்னாளில் வெல்லிங்டன் பிரபு என்று பெயர் பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி சிலரைத் தூக்கிலிட்ட பிறகுதான் கொள்ளை அடங்கியது.

தங்கமும் வைரமும் சிப்பாய்களின் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்த அந்த நாட்களில், காகிதங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. கல்கத்தாவிலிருந்து போரை நடத்தியவர் கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி, ஆர்தரின் அண்ணன். திப்பு பிரெஞ்சுக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனியை விரட்டச் சதி செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். மொரீஷியஸ் தீவின் கவர்னர் மாலார்ட்டிக் 1798 ஜனவரியில் வெளியிட்ட ஒரு பிரகடனமே அவர் கையிலிருந்த பெரிய ஆதாரம். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் கேள்வி கேட்டால் காட்டுவதற்கு இன்னும் காகிதங்கள் வேண்டும். வெற்றி பெற்றவர்கள், வெற்றிக்குப் பிறகும் நியாயம் தேடினார்கள்.

தேடியவர்களில் ஒருவர் கர்னல் வில்லியம் கிர்க்பாட்ரிக். இவர் வங்காளப் படையைச் சேர்ந்தவர்; அதாவது இந்த ஊரின் ஆள். பாரசீகத்தில் தேர்ந்தவர். முந்தைய மைசூர்ப் போரில் கார்ன்வாலிஸுக்குப் பாரசீக மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1793-இல் நேபாளத்துக்குத் தூது சென்று, அந்த நாட்டைப் பற்றிப் பிற்காலத்தில் ஒரு நூல் எழுதினார். உடல்நலம் கெட்டு நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது, இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த வெல்லெஸ்லியை அங்கே சந்தித்தார். மைசூரைப் பற்றியும் ஹைதராபாதைப் பற்றியும் வெல்லெஸ்லி முதலில் கற்ற பாடங்களில் பெரும்பகுதி இவரிடம் கற்றதுதான். திப்புவின் நாட்டைப் பங்கு பிரிக்க அமைத்த ஆணையத்திலும் இவர் ஓர் உறுப்பினர். நம் தமிழ்நாட்டில் இன்றும் மரியாதையோடு நினைக்கப்படும் தாமஸ் மன்றோ அந்த ஆணையத்தின் இரு செயலாளர்களில் ஒருவர்.

அரண்மனையில் ஓர் எழுதுபெட்டி கிடைத்தது. அதற்குள் இரகசியக் காகிதங்கள். அவற்றோடு ஒரு சிறு குறிப்பேடு. பாரசீகத்தில், திப்புவின் சொந்தக் கையெழுத்தில் எழுதப்பட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கு எழுதிய கடித நகலாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் திறந்திருந்தால், கிர்க்பாட்ரிக் நிச்சயம் திகைத்திருப்பார். ஏனென்றால் அதில் இருந்தவை திப்பு கண்ட கனவுகள்.

குறிப்பேடு கிடைத்த விவரத்தை அடுத்த ஆண்டே மேஜர் அலெக்சாண்டர் பீட்சன் தம்முடைய போர் வரலாற்று நூலில் அச்சேற்றினார். அதில் வரும் ஒரு செய்தியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெட்டியைத் திறந்தபோது ஹபீபுல்லா என்பவர் உடன் இருந்தார். திப்புவின் மிக நெருங்கிய பணியாளர்களில் ஒருவர். இப்படி ஒரு புத்தகத்தைச் சுல்தான் எழுதிவருகிறார் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. திப்பு அதைப் படிக்கும்போதோ அதில் எழுதும்போதோ யாராவது அருகில் வந்தால் மிகுந்த பதற்றத்தோடு மறைத்துவிடுவாராம்.

அந்தக் கணத்தை எண்ணிப் பாருங்கள். எசமானர் இறந்துவிட்டார். அவர் யாருக்கும் காட்டாத புத்தகம் எதிரியின் கையில் விரிந்து கிடக்கிறது. இத்தனை ஆண்டுகள் பக்கத்தில் இருந்தும் பார்க்காததை ஹபீபுல்லா முதன்முதலாக அப்படித்தான் பார்க்கிறார். வரலாற்று நூல்கள் "கண்டெடுத்தவர் கிர்க்பாட்ரிக்" என்று எழுதுகின்றன. அது சரிதான். ஆனால் கையில் கிடைத்தது இன்னது என்று சாட்சி சொல்ல அங்கே ஒருவர் வேண்டியிருந்தது. ஹபீபுல்லாவின் பெயரையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

அதே 1799-இல், ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே நடந்த இதே உலகப் போட்டியின் இன்னொரு முனையில், இன்னொரு படை அதிகாரிக்கும் ஓர் ஆவணம் கிடைத்தது. திப்புவுக்குக் கடிதம் எழுதிய நெப்போலியன் அப்போது எகிப்தில் இருந்தார். அந்தக் கடிதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வந்து சேரவே இல்லை. வழியில் ஆங்கிலேயரிடம் சிக்கிவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து இரண்டரை மாதம்கூட ஆகாத ஜூலை நடுவில், நைல் கழிமுகத்தில் ரஷீத் ஊருக்கு அருகே பழைய கோட்டை ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பியேர் பூஷார் என்ற பிரெஞ்சு அதிகாரியின் கண்ணில் ஓர் எழுத்துக் கல் பட்டது. உலகம் ரோசெட்டாக் கல் என்று அறிந்திருப்பது அதுதான். மூன்று எழுத்து வடிவங்களில் ஒரே ஆணை. பிரெஞ்சுக்காரரிடமிருந்து அதையும் ஆங்கிலேயர்கள் 1801-இல் பறித்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் படிக்கட்டும் என்று ஓர் அரசனைப் போற்றிப் பூசாரிகள் கல்லில் வெட்டி வைத்தது அது. யாரும் படிக்கக் கூடாது என்று ஓர் அரசன் ஒளித்து வைத்தது இது. இரண்டும் இன்று லண்டனில் இருக்கின்றன. கல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், குறிப்பேடு பிரிட்டிஷ் நூலகத்தில். 1800 ஏப்ரல் 23 அன்று வெல்லெஸ்லியின் பெயரால் பீட்சன் அதைக் கம்பெனி இயக்குநர்களிடம் ஒப்படைத்தார்.

அதில் என்ன இருக்கிறது? மொத்தம் 37 கனவுகள். தொடக்கக் கனவுகள் 1785-ஐ ஒட்டியவை. கடைசிக் கனவுகள் வீழ்ச்சிக்குச் சற்று முந்தியவை. நாள், மாதம் குறித்து, எழுந்த உடனே எழுதியது போன்ற நடையில், சிலவற்றுக்குத் தாமே பொருளும் சொல்லி எழுதியிருக்கிறார். பல கனவுகள் எதிரிகளைப் பற்றியவை. ஒன்றில் வெள்ளித் தட்டுகள் மூன்றில் புதுப் பேரீச்சம்பழம் வந்து சேர்கிறது. தம்முடைய எதிரிகள் மூவரின் நாடும் தமக்குக் கிடைக்கும் என்று பொருள் கொள்கிறார். மற்றொன்றில் சீனப் பேரரசர் வெள்ளை யானை ஒன்றைப் பரிசாக அனுப்புகிறார். மராத்தியர் மீது இரவுத் தாக்குதல் தொடுக்கும் முன் கண்ட கனவு ஒன்று இருக்கிறது. ஆண் உடையில் வந்த ஒருவர் கூந்தலை அவிழ்த்ததும் பெண் என்று தெரிகிறது. எதிரிகள் ஆண் வேடம் போட்டவர்கள்தான் என்று அவர் எழுதிக்கொள்கிறார். பெண்களை இழிவாக எண்ணிய அந்தக் காலத்துப் படைவீரனின் மனம் அதில் அப்படியே இருக்கிறது. எதிரிகளைக் காஃபிர்கள் என்று எழுதும் இடங்களும் உண்டு. இவற்றை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு கனவு. திப்பு ஒரு பெரிய கோயிலைக் காண்கிறார். அதன் பின்பகுதி சற்றே சிதைந்திருக்கிறது. உள்ளே பெரிய பெரிய சிலைகள். உற்றுப் பார்த்தால் அவற்றின் கண்கள் அசைகின்றன. கடைசி வரிசையில் இரண்டு பெண் சிலைகள். அவற்றில் ஒன்று தன் சேலையை முழங்கால்களுக்கு நடுவிலிருந்து இழுத்துச் சரிசெய்துகொண்டு பேசுகிறது: தாங்கள் இருவரும் பெண்கள், மற்றவை ஆண்களின் உருவங்கள், நெடுங்காலமாக இறைவனைத் தொழுது வருகிறோம் என்கிறது. நல்லது, தொடர்ந்து இறைவனை நினைத்திருங்கள் என்று திப்பு சொல்கிறார். சிதைந்த கட்டடத்தைப் பழுதுபார்க்கும்படி தம் ஆட்களுக்கு உத்தரவிடுகிறார்.

சேலையைச் சரிசெய்யும் அந்த ஒரு கையசைவைக் கவனியுங்கள். தென்னாட்டில் கோயில்களுக்கு நடுவே வாழ்ந்த ஒருவருக்குத்தான் இப்படிக் கனவு வரும். இதை வைத்து அவர் மதநல்லிணக்கத்தின் உருவம் என்று ஒருவர் வாதிடலாம். சிலைகளையே இறைவனைத் தொழ வைத்தார் பாருங்கள் என்று இன்னொருவர் வாதிடலாம். இரண்டு வாதத்தையும்விட அந்தக் கனவு பெரியது என்பது என் எண்ணம். வெளியில் சொல்லத் துணியாத ஒன்றை ஓர் ஆட்சியாளர் இரவில் தனியே தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதை நாம் பார்க்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டு இந்திய மன்னர்களில் வேறு யாருடைய மனமும் இவ்வளவு நெருக்கத்தில் நமக்குக் காணக் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. கேட் பிரிட்டில்பேங்க் என்ற ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் இந்தக் கனவுகளை இஸ்லாமிய மரபில் கனவுக்கு உள்ள இடத்தோடு சேர்த்து வாசித்துக் காட்டினார். கிரீஷ் கர்னாட் இந்தக் குறிப்பேட்டை வைத்தே ஒரு நாடகம் எழுதினார்.

இனி மற்றக் காகிதங்களுக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தை அதே 1799-இல் இந்தக் கல்கத்தாவில் அச்சிட்டார்கள். நாங்கள் செய்தது சரி என்று காட்டத்தான் அந்த அவசரம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஜேக்கோபின் சங்கம், அதாவது புரட்சிக்காரர் சங்கம், நடத்தினார்கள் என்ற புகழ்பெற்ற ஆவணமும் அப்படிக் கிடைத்த குவியலில் ஒன்று. அதன் நம்பகத்தன்மையைச் சில வரலாற்றாசிரியர்கள் இன்று கேள்விக்குள்ளாக்குகிறார்கள். கிர்க்பாட்ரிக், திப்பு தம் அதிகாரிகளுக்கு அனுப்பிய கடிதங்களின் பதிவேட்டிலிருந்து பொறுக்கி எடுத்து, மொழிபெயர்த்து, 1811-இல் லண்டனில் வெளியிட்டார். பெரும் உழைப்பு அது. மறுப்பதற்கில்லை. ஆனால் திப்பு கொடியவர், வெறியர் என்று காட்டுவது அந்த நூலின் நோக்கம். முன்னுரையே அதைச் சொல்லிவிடுகிறது. கூர்க்கிலும் மலபாரிலும் திப்பு இழைத்த கொடுமைகள் உண்மை. அதற்கான சான்று அவருடைய கடிதங்களிலேயே இருக்கிறது. நான் கேட்பது வேறு. எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தவர் போரில் எதிரணியில் நின்றவர். அவர் விட்ட கடிதங்களில் என்ன இருந்தது?

இதற்கு ஓரளவு விடை 1916-இல் கிடைத்தது. மைசூர்த் தொல்லியல் துறையின் இயக்குநர் ஆர். நரசிம்மாச்சார் சிருங்கேரி மடத்தில் சுமார் 30 கடிதங்களைக் கண்டெடுத்தார். கன்னடத்தில் எழுதப்பட்டவை. 1791-இல் மராத்தியப் படையினர் மடத்தைக் கொள்ளையடித்த பிறகு, சுவாமிகளுக்குத் திப்பு எழுதிய ஆறுதலும், மடத்தைச் சீரமைக்க அனுப்பிய உதவியும் அவற்றில் இருந்தன. அவை கொள்ளையில் சிக்காத காகிதங்கள். மடத்தின் கட்டுக்குள் 125 ஆண்டு இருந்துவிட்டு வெளியே வந்தவை. அரண்மனையில் பிடிபட்டவற்றை மட்டும் படித்திருந்தால் அந்த முகம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். சிருங்கேரிக் கடிதங்களை மட்டும் படித்திருந்தால் கூர்க் தெரியாமல் போயிருக்கும்.

இப்போது நூலகம். திப்புவின் அரண்மனையில் ஏறத்தாழ 2,000 கையெழுத்துச் சுவடிகள் கிடைத்தன. அரபு, பாரசீகம், தக்கினி மொழிகளில் சமயம், சட்டம், மருத்துவம், கவிதை, வரலாறு எல்லாம் இருந்தன. அவற்றில் பெரும்பங்கை வெல்லெஸ்லி கல்கத்தாவில் தாம் தொடங்கிய ஃபோர்ட் வில்லியம் கல்லூரிக்குக் கொடுத்தார். அந்தக் கல்லூரிக்கான சட்டம் நிறைவேறியது 1800 ஜூலை 10-இல். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த முதலாண்டு நிறைவு நாளான மே 4-ஐயே கல்லூரியின் பிறந்தநாளாக அதில் குறிக்க வைத்தார். வில்லியம் கேரி வங்காளம் கற்பித்த கல்லூரி, வங்காள உரைநடை வளர்ந்த கல்லூரி என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வது அதைத்தான். அதன் பிறப்புச் சான்றிதழில் நம் காவிரிக் கரையின் தோல்வி பதிந்திருக்கிறது.

அங்கே உதவிப் பேராசிரியராக இருந்த சார்லஸ் ஸ்டூவர்ட் அந்தச் சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியல் தயாரித்து 1809-இல் கேம்பிரிட்ஜில் அச்சிட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் புதிதாகக் கட்டப்பட்ட நூல்களின் அட்டையை அவர் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். தோல் அட்டையின் நடுவே ஒரு பதக்கம். அதில் அல்லாஹ், முகம்மது நபி, மகள் பாத்திமா, பேரர்கள் ஹசன், ஹுசைன் ஆகியோர் பெயர்கள். நான்கு மூலையிலும் முதல் நான்கு கலீபாக்களின் பெயர்கள். மேலே "சர்க்காரே குதாதாத்", அதாவது இறைவன் தந்த அரசு. கீழே "அல்லாஹ் காஃபி", இறைவனே போதும். சில நூல்களில் திப்புவின் சொந்த முத்திரையும் உண்டு.

நம்மவர் கவனிக்க வேண்டிய வரி ஸ்டூவர்ட்டின் முன்னுரையில்தான் இருக்கிறது. இந்த நூல்களில் மிகச் சிலவே திப்புவோ ஹைதரோ விலைக்கு வாங்கியவை என்கிறார் அவர். மற்றவை சவனூரிலிருந்தும் கடப்பையிலிருந்தும் கர்நாடகப் பகுதியிலிருந்தும் வந்த கொள்ளைப் பொருள். கர்நாடகம் என்றால் அந்நாளில் ஆர்க்காட்டு நவாபின் சீமை. சில சுவடிகள் பிஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்களுடையவை. மிகப் பெரும்பாலானவை ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் தம்பி அப்துல் வகாப் கானுக்குச் சொந்தமானவை. 1780-இல் ஹைதர் சித்தூர்க் கோட்டையைப் பிடித்தபோது எடுத்து வந்தவை.

சித்தூர் பிற்காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர். ஆக, நம் சீமையில் ஒருவர் ஆசையோடு சேர்த்த நூலகம் ஒரு போரில் ஸ்ரீரங்கப்பட்டணம் போயிற்று. இன்னொரு போரில் கல்கத்தா வந்தது. இங்கும் அது ஒன்றாக இருக்கவில்லை. சில நூல்கள் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் பரிசாகப் போயின. 1830-களில் கல்லூரியின் சேகரிப்பு பிரிக்கப்பட்டபோது ஒரு பகுதி லண்டன் சென்றது. ஒரு பகுதி பார்க் ஸ்ட்ரீட்டில் உள்ள ஆசியாடிக் சொசைட்டிக்கு வந்தது. இன்றும் அங்கே இருக்கிறது.

புத்தகங்களுக்குப் பின்னால் பிள்ளைகள் வந்தார்கள். 1799-இல் திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடியலில் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதன் பிறகு தெற்கே வைத்திருப்பது ஆபத்து என்று அந்தக் குடும்பத்தையே கல்கத்தாவுக்குக் கடத்தினார்கள். திப்புவின் கடைசி மகன் குலாம் முகமது இங்கேயே வளர்ந்து, 1842-இல் தர்மதலாப் பள்ளிவாசலைக் கட்டினார். அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஹைதரையும் திப்புவையும் பற்றி ஒரு பிரெஞ்சு அதிகாரி எழுதிய பழைய வரலாற்றை எடுத்து, தாம் பார்த்துத் திருத்தி, 1855-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தந்தையைப் பற்றி எதிரிகள் அரை நூற்றாண்டு காலம் எழுதிக் குவித்த பிறகு, மகன் எழுத்தாலேயே பதில் சொல்ல முயன்றிருக்கிறார். அந்தப் பள்ளிவாசலைவிட இந்தப் புத்தகத்தை நான் உயர்வாக மதிக்கிறேன்.

கிர்க்பாட்ரிக்கைப் பற்றி என் தீர்ப்பு இதுதான். அவர் பாரசீகம் அறிந்திராவிட்டால் அந்தக் குறிப்பேடு அடுப்பெரிக்கப் போயிருக்கலாம், அல்லது அட்டையின் அழகுக்காக ஏதோ ஒரு சிப்பாயின் பையில் மறைந்திருக்கலாம். காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் சொன்ன பொருளை மட்டும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. முழுக் கனவுகளும் ஆங்கிலத்தில் வர 1957 ஆயிற்று. கராச்சியில் மஹ்மூத் ஹுசைன் மொழிபெயர்த்தார். இந்தியாவில் பிறந்த, இந்தியாவின் ஆவணம் ஒன்று லண்டன் வழியாகக் கராச்சி போய்த்தான் முழுதாக வெளிச்சம் கண்டது.

நண்பர்களே, பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் வரலாற்றில் பாதி பாரசீகத்தில் எழுதிக் கிடக்கிறது. ஆர்க்காட்டு நவாபின் அலுவல் மொழி அது. வரிக் கணக்கும் போர்க் குறிப்பும் கோயில் மானியமும் அதில் உண்டு. இவற்றை நேரே படிக்கக்கூடிய தமிழ் ஆய்வாளர்கள் இன்று விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். மற்றவர்கள் 1799-இல் வென்றவர்கள் ஆங்கிலத்தில் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததையே இன்னும் திருப்பித் திருப்பி மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

சித்தூரிலிருந்து போன அந்த நூல்களில் எவை எவை ஆசியாடிக் சொசைட்டியில் உள்ளன, எவை லண்டனில் உள்ளன என்று ஸ்டூவர்ட்டின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். அது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று எடுத்துச் செய்ய வேண்டிய பணி. ஆனால் சுவடிகள் இருப்பது உங்கள் ஊரில். உங்கள் பிள்ளைகளில் வரலாறு படிக்கிற ஒருவரையாவது பாரசீகம் கற்க அனுப்புங்கள். அதற்கு ஆகும் செலவை இந்த அவையில் உள்ளவர்கள் கூடி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.